சர்வருக்குள் வேலை செய்யும் பாஸ்வேர்டு வெளியிலிருந்து ஏன் செல்லவில்லை?

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், நிறுவனம், ஐபி முகவரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அவருடைய நிறுவனத்தின் விற்பனை விவரங்கள் வாடகைக்கு எடுத்த ஒரு உபுண்டு சர்வரில், மைஎஸ்கியூஎல் 8.0 டேட்டாபேஸில் இருக்கின்றன. விற்பனையைப் பதிவு செய்யும் வெப் அப்ளிகேஷனும் அதே சர்வரில்தான் ஓடுகிறது. அதைக் கட்டிக்கொடுத்த டெவலப்பர் வேலையை விட்டுப் போய்விட்டார். போகும்போது சர்வரின் லாகின் விவரங்களைக் கொடுத்துவிட்டு "எதிலும் கை வைக்காதீர்கள்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வாசகருக்கு வேண்டியதோ சின்ன விஷயம். மாதக் கடைசியில் தன் விண்டோஸ் கணினியில் மைஎஸ்கியூஎல் ஒர்க்பெஞ்சைத் திறந்து விற்பனை டேபிளைப் பார்க்க வேண்டும், எக்செல்லுக்கு எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கென்று தனியாக ஒரு யூசரை உருவாக்கினார். சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக (தூரத்திலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி அது) போய் அந்த யூசரில் நுழைந்தால் வேலை செய்கிறது. தன் கணினியிலிருந்து முயன்றால் 2003 என்று ஒரு பிழை, அதன் வாலில் 10060. இணையத்தில் தேடி, சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்களின் கன்ட்ரோல் பேனலில் 3306 போர்ட்டை (டேட்டாபேஸுக்கு வரும் இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிட்டார். மறுபடியும் 2003, ஆனால் இந்த முறை வாலில் 10061. இன்னொரு வழிகாட்டியைப் பார்த்து மைஎஸ்கியூஎல் எந்த முகவரியில் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் பைண்ட்-அட்ரஸ் என்ற அமைப்பை 0.0.0.0, அதாவது எல்லா முகவரிகளும், ஆக்கி மைஎஸ்கியூஎல்லை ரீஸ்டார்ட் செய்தார். இப்போது 1130 வந்தது. மூன்றாவது வழிகாட்டியிலிருந்து யூசரை உருவாக்கும் ஒரு வரியை அப்படியே காப்பி செய்து ஓட்டினார். 1045 வந்தது, அனுமதி மறுக்கப்பட்டது என்கிறது. அதற்குப் பிறகு பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டார், தன் கணினியின் ஆன்டிவைரஸையும் ஃபயர்வாலையும்கூட நிறுத்திப் பார்த்துவிட்டார், 1045 போகவில்லை. புதிய பாஸ்வேர்டு சர்வருக்குள் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது.

"ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடைகிறது. பிங் போகிறது, வெப்சைட் ஓடுகிறது, சர்வரில் கோளாறு இல்லை. நான்தான் நிலைமையை மோசமாக்கிக்கொண்டே போகிறேனா? ஒர்க்பெஞ்சை அழித்துவிட்டு மறுபடி போடட்டுமா, இல்லை மைஎஸ்கியூஎல்லையே மறுபடி போடட்டுமா? கடைசி வழியாக ரூட் யூசரை வெளியிலிருந்து நுழையும்படி செய்துவிடலாமா?" இவைதான் கேள்விகள்.

எதையும் மறுபடி போட வேண்டாம். எல்லா அனுமதியும் உள்ள ரூட் கணக்கின் பக்கம் போகவே வேண்டாம். உங்கள் கணினியின் ஃபயர்வாலையும் ஆன்டிவைரஸையும் உடனே திரும்ப இயக்குங்கள். இந்தக் கதையில் அவை ஒரு பாவமும் செய்யவில்லை.

முதலில் கதவைச் சாத்துங்கள்

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். இந்த நிமிடம் உங்கள் டேட்டாபேஸ் உலகம் முழுவதற்கும் திறந்து கிடக்கிறது. 3306 என்பது மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான போர்ட் என்று எல்லாருக்கும் தெரியும், அதைத் தேடி இணையம் முழுக்கத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. 2022 மே மாதம் இணையப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஷேடோசர்வர் அமைப்பு எண்ணிப் பார்த்தபோது 36 லட்சத்துக்கும் மேற்பட்ட மைஎஸ்கியூஎல் சர்வர்கள் இப்படி வெளியே பதில் சொல்லிக்கொண்டிருந்தன. 2020 டிசம்பரில் கார்டிகோர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் விவரித்த ஒரு தாக்குதலில், எளிய பாஸ்வேர்டுகளை ஊகித்து உள்ளே நுழைந்து, டேட்டாவை எடுத்துக்கொண்டு, "எச்சரிக்கை" என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஒரு டேபிளில் பணம் கேட்டு எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பெரிய சூட்சுமம் எதுவும் தேவைப்படவில்லை, திறந்த போர்ட்டும் மோசமான பாஸ்வேர்டுமே போதுமாக இருந்தன. நீங்கள் காப்பி செய்த வரியில் அந்த வழிகாட்டியின் மாதிரி பாஸ்வேர்டு அப்படியே இருந்ததா என்று கடிதத்தில் சொல்லவில்லை. இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், காரணம் கீழே வருகிறது.

ஆகவே இதைப் படித்து முடிக்கும் முன்பே கன்ட்ரோல் பேனலில் 3306-க்கு நீங்கள் சேர்த்த அந்த விதியை நீக்கிவிடுங்கள். வெப் அப்ளிகேஷன் அதே சர்வருக்குள் இருப்பதால் அது நிற்காது. அப்புறம் பைண்ட்-அட்ரஸைப் பழையபடி 127.0.0.1 ஆக்குங்கள். அந்த மதிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது மாறாது, ரீஸ்டார்ட் செய்தால்தான் பிடிக்கும். அந்தச் சில நொடிகள் விற்பனைப் பதிவு நிற்கும் என்பதால் யாரும் வேலை செய்யாத நேரமாகப் பாருங்கள். போர்ட்டை மூடுவதற்கு அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை.

மூடிய பிறகு யூசர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உபுண்டுவில் வழக்கமாக ரூட், டெபியன்-சிஸ்-மெயின்ட், மைஎஸ்கியூஎல் என்று தொடங்கும் மூன்று உள் கணக்குகள், உங்கள் வெப் அப்ளிகேஷனின் யூசர், நீங்கள் உருவாக்கியது, இவ்வளவுதான் இருக்க வேண்டும். தெரியாத பெயர் ஒன்று இருந்தாலோ, டேபிள் ஏதாவது காணாமல் போயிருந்தாலோ, நீங்கள் உருவாக்காத டேபிள் முளைத்திருந்தாலோ, அங்கேயே நிறுத்திவிட்டு விஷயம் தெரிந்த ஒருவரை அழையுங்கள். தடயங்களை நீங்களாகத் துடைக்க வேண்டாம்.

நீங்கள் மோசமாக்கவில்லை

2003, 2003, 1130, 1045. இந்த வரிசையைப் பார்த்து நீங்கள் பயந்திருக்கிறீர்கள், நான் பார்த்தவுடன் பாதி விடை கிடைத்துவிட்டது. இணைப்பு என்பது ஒரே அடியில் நடக்கும் காரியம் அல்ல. உங்கள் கணினியிலிருந்து கிளம்பும் கோரிக்கை முதலில் சர்வர் இருக்கும் இடத்தை அடைய வேண்டும், அங்கே அந்தப் போர்ட்டில் யாராவது காத்திருக்க வேண்டும், அப்படிக் காத்திருக்கும் மைஎஸ்கியூஎல் உங்கள் முகவரியை ஏற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பெயர், பாஸ்வேர்டு பேச்சே. பிழை எண் எந்தப் படியில் நின்றுபோனது என்பதைச் சொல்கிறது.

2003-இன் வாலில் வரும் எண்ணை யாரும் படிப்பதில்லை, உண்மையில் அதுதான் விஷயம். விண்டோஸில் 10060 என்றால் அனுப்பியதற்குப் பதிலே வரவில்லை, காத்திருந்து காலம் கடந்துவிட்டது. பெரும்பாலும் நடுவில் ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது, இல்லை என்றால் ஐபி முகவரியே தப்பு. 10061 என்றால் பதில் வந்தது, ஆனால் "இங்கே யாரும் இல்லை" என்று வந்தது: இயந்திரம் வரை போயாயிற்று, அந்த முகவரியில் அந்தப் போர்ட்டை எந்த நிரலும் கவனிக்கவில்லை. லினக்ஸ் கணினியிலிருந்து முயன்றிருந்தால் இதே இரண்டும் 110, 111 என்று வரும். நீங்கள் கன்ட்ரோல் பேனலில் போர்ட்டைத் திறந்ததும் 10060 மறைந்து 10061 வந்தது, அதாவது வெளி ஃபயர்வாலைத் தாண்டிவிட்டீர்கள். உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் நிறுவும்போதே 127.0.0.1-இல் மட்டும், அதாவது சர்வருக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டும் காத்திருக்கும்படிதான் அமைகிறது. அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம், வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு அது. நீங்கள் அதை 0.0.0.0 ஆக்கியதும் மைஎஸ்கியூஎல்லே உங்களோடு பேச ஆரம்பித்தது. 1130 என்பது மைஎஸ்கியூஎல் தன் வாயால் சொன்ன பதில்: இந்த முகவரியிலிருந்து வர எந்த யூசருக்கும் என் பட்டியலில் இடமில்லை. 1045 அதற்கும் அடுத்த படி. முகவரி சரி, பெயரோ பாஸ்வேர்டோதான் பொருந்தவில்லை. நான்கு படியில் மூன்றைக் கடந்தவர் "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடட்டுமா" என்று கேட்கிறீர்கள்! உபுண்டுவில் மைஎஸ்கியூஎல்லை முழுதாக நீக்கப் போனால் டேட்டாவையும் அழிக்கட்டுமா என்று அது கேட்கும், அந்த இடத்தில் தப்பாக ஒரு "ஆம்" அழுத்தினால் மாதக் கணக்கு இல்லை, கம்பெனிக் கணக்கே போய்விடும்.

ஒரே பெயர், இரண்டு கணக்குகள்

இப்போது உங்கள் 1045-க்கு வருவோம். மைஎஸ்கியூஎல்லில் யூசர் என்பது வெறும் பெயர் கிடையாது. பெயரும், அவர் எங்கிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான் ஒரு கணக்கு. "ரிப்போர்ட், லோக்கல்ஹோஸ்ட்டிலிருந்து" என்பது, அதாவது சர்வருக்குள்ளிருந்தே வருபவர், ஒரு கணக்கு. "ரிப்போர்ட், எங்கிருந்து வேண்டுமானாலும்" என்பது, சதவீதக் குறி போட்டு எழுதுவார்களே அது, இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு, தனித்தனி அனுமதிகள். ஒரே பெயருள்ள இரண்டு பேர் மாதிரி, ஒருவருடைய சாவி இன்னொருவர் வீட்டைத் திறக்காது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் வரிசையை இதோடு சேர்த்துப் பாருங்கள். முதலில் உருவாக்கியது லோக்கல்ஹோஸ்ட் கணக்கு. அதனால்தான் சர்வருக்குள் வேலை செய்தது, வெளியிலிருந்து வந்தபோது 1130 வந்தது. அப்புறம் மூன்றாவது வழிகாட்டியின் வரி சதவீதக் குறி போட்ட இரண்டாவது கணக்கை உருவாக்கியது, அதில் இருந்த பாஸ்வேர்டோடு. நீங்கள் பிறகு பாஸ்வேர்டை மாற்ற ஓட்டிய கட்டளையையும் கடிதத்தில் ஒட்டியிருக்கிறீர்கள், நல்லவேளை: அதில் பெயருக்குப் பக்கத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்றுதான் இருக்கிறது. ஆக, ஒவ்வொரு முறையும் முதல் கணக்கின் பாஸ்வேர்டைத்தான் மாற்றியிருக்கிறீர்கள். சர்வருக்குள் போய்ச் சோதித்ததும் அதே முதல் கணக்குதான், அது ஒழுங்காகத் திறந்தது. வெளியிலிருந்து வரும்போது பார்க்கப்படும் இரண்டாவது கணக்கை நீங்கள் தொடவே இல்லை. அங்கே வழிகாட்டியின் மாதிரி பாஸ்வேர்டு இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கும். போர்ட்டை முதலில் மூடச் சொன்னதன் காரணம் இதுதான். அந்த மாதிரி பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஊருக்கெல்லாம் தெரிந்தது.

1045 பிழைச் செய்தியின் முழு வரியைப் படிக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெயருக்குப் பிறகு ஒரு அட் குறி, அதன்பின் ஒரு முகவரி இருக்கும். சர்வர் உங்களை எந்த முகவரியாகப் பார்க்கிறது என்பது அது. நீங்கள் உங்கள் கணினியில் பார்க்கும் 192.168 என்று தொடங்கும் எண் அங்கே இருக்காது, உங்கள் ரவுட்டருக்கு வெளியே தெரியும் எண்தான் இருக்கும். கடைசியில் பாஸ்வேர்டு பயன்பட்டதா என்பதற்கு ஆம், இல்லை என்று ஒன்று வரும். "இல்லை" என்று வந்தால் நீங்கள் பாஸ்வேர்டு தட்டியதாக நினைத்தாலும் கிளையன்ட், அதாவது உங்கள் பக்கத்து நிரல், அதை அனுப்பவே இல்லை.

இரண்டாவது கணக்கை இப்போது நீக்கிவிடுங்கள், அதற்கு இனி வேலை இல்லை. அந்த வழிகாட்டியின் வரியில் எல்லா டேட்டாபேஸுக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் பகுதி இருந்திருந்தால் கணக்கோடு சேர்ந்து அதுவும் போய்விடும். நீக்கிய பிறகு ஃபிளஷ் பிரிவிலேஜஸ் என்று ஒரு கட்டளையை ஓட்டச் சொல்வார்கள். யூசர் டேபிளை நேரடியாகத் திருத்தினால்தான் அது தேவை, முறையான கட்டளையால் நீக்கினால் உடனே அமலாகிவிடும். ஓட்டினால் கெடுதல் ஒன்றும் இல்லை.

பிங், வெப்சைட், அப்புறம் போர்ட்

பிங் போகிறது என்பதை நீங்கள் பெரிய ஆதாரமாக எடுத்துக்கொண்டீர்கள். பிங் என்பது வேறு நெறிமுறை, அதற்குப் போர்ட்டே கிடையாது. இயந்திரம் உயிரோடு இருக்கிறது என்று அது சொல்லும், 3306-ஐப் பற்றி ஒன்றும் சொல்லாது. இதன் மறுபக்கமும் உண்டு: பல சர்வர்களில் பிங்கை மூடிவைத்திருப்பார்கள், டேட்டாபேஸ் நன்றாக ஓடும். வெப்சைட் ஓடுவதும் அதே கதைதான். அந்த அப்ளிகேஷன் சர்வருக்குள்ளேயே இருந்துகொண்டு டேட்டாபேஸோடு பேசுகிறது, உங்கள் உலாவி டேட்டாபேஸை நேரில் தொடுவதே இல்லை.

போர்ட்டைச் சோதிக்க விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளை இருக்கிறது, சர்வர் முகவரியோடு போர்ட் எண்ணையும் கொடுத்தால் திறந்திருக்கிறதா என்று ட்ரூ, ஃபால்ஸில் சொல்லிவிடும். நீங்கள் இப்போது போர்ட்டை மூடியதும் ஒருமுறை இதை ஓட்டி ஃபால்ஸ் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். ஃபால்ஸ் வந்தால் சந்தோஷப்படுங்கள்.

அப்படியானால் எப்படி இணைவது?

நான்கு வழிகள் உண்டு. போர்ட்டைத் திறந்து, உங்கள் முகவரிக்கு மட்டும் என்று ஃபயர்வாலில் எழுதிவைப்பது ஒன்று. அலுவலகத்துக்கு மாறாத ஐபி முகவரி இருந்தால், அந்த யூசர் கணக்கை என்கிரிப்ட் செய்த இணைப்பில்தான் வர வேண்டும் என்று கட்டாயமாக்கினால், இது ஒப்புக்கொள்ளக்கூடியது. வீட்டு இணைப்பு என்றால் முகவரி மாறிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் 10060 என்று நிற்கும். சில இணையச் சேவைகளில் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரிதான், அதைத் திறந்தால் முன்பின் தெரியாதவர்களுக்கும் திறந்ததாகிவிடும்.

விபிஎன், அதாவது உங்கள் கணினியையும் சர்வரையும் இணைக்கும் என்கிரிப்ட் செய்த தனி வலையமைப்பு, நல்ல வழி. லினக்ஸ் கெர்னலிலேயே 2020-இல் சேர்ந்துவிட்ட வயர்கார்டு என்ற விபிஎன் அமைப்பதற்கு அவ்வளவு கடினமில்லை. ஐந்தாறு பேருக்கு தினமும் இணைப்பு வேண்டும் என்றால் அதைத்தான் சொல்வேன். உங்கள் ஒருவருக்காக, மாதம் ஒருமுறைக்காக அது அதிகம். அதே காரணத்தால் இன்னொன்றையும் யோசியுங்கள்: உங்களுக்கு நேரடி இணைப்பு உண்மையிலேயே வேண்டுமா? மாதக் கடைசியில் விற்பனை டேபிளை ஒரு சிஎஸ்வி கோப்பாக எடுத்து உங்களுக்குக் கொடுக்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை யாரையாவது எழுதச் சொல்லிவிட்டால் இந்தக் கடிதம் முழுவதும் தேவையில்லாமல் போய்விடும். சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும், ஆனால் ஆபத்து மிகக் குறைந்த வழி இதுதான்.

நீங்களே டேபிளைத் திறந்து தேடிப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள், சரி. அப்படியானால் எஸ்எஸ்எச் டனல். சர்வருக்குள் போக ஏற்கெனவே எஸ்எஸ்எச் இருக்கிறது, அந்த வழிக்குள்ளேயே டேட்டாபேஸ் இணைப்பையும் அனுப்பிவிடலாம். 3306 வெளியே மூடியே இருக்கும், பைண்ட்-அட்ரஸ் 127.0.0.1-ஆகவே இருக்கும், போகும் வழி முழுக்க என்கிரிப்ட் ஆகியிருக்கும். இன்னொரு வசதி, டனல் வழியாக வரும் உங்களை மைஎஸ்கியூஎல் சர்வருக்குள்ளிருந்து வருபவராகத்தான் பார்க்கும். நீங்கள் ஏற்கெனவே உருவாக்கி, பாஸ்வேர்டையும் மாற்றி மாற்றிப் பழகிவிட்ட அந்த லோக்கல்ஹோஸ்ட் கணக்கே போதும்.

ஒர்க்பெஞ்சில் எதை எங்கே நிரப்புவது

புதிய கனெக்‌ஷன் உருவாக்கும்போது முறை என்ற இடத்தில் "எஸ்எஸ்எச் வழியாக டிசிபி/ஐபி" என்று பொருள்படும் தேர்வை எடுங்கள். எஸ்எஸ்எச் பகுதியில் சர்வரின் வெளி முகவரி, போர்ட் 22, சர்வர் லாகின் பெயர், அதற்கான கீ கோப்பு (பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிபோல் பயன்படும் கோப்பு). அதற்குக் கீழே மைஎஸ்கியூஎல் ஹோஸ்ட் என்று கேட்கும் இடத்தில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்: அங்கேயும் வெளி முகவரியை எழுதிவிடுவார்கள். அங்கே 127.0.0.1 என்று எழுதுங்கள். அது உங்கள் கணினியைக் குறிக்கவில்லை. எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் போய் நின்ற பிறகு அங்கிருந்து பார்த்தால் டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. யூசர் பெயரும் பாஸ்வேர்டும் இரண்டு ஜோடி வரும், ஒன்று சர்வருக்கு, ஒன்று மைஎஸ்கியூஎல்லுக்கு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒர்க்பெஞ்ச் உங்கள் கீ கோப்பை ஏற்காமல் அடம்பிடித்தால் டனலைக் கையாலேயே திறக்கலாம். விண்டோஸ் 10-இலும் அதற்குப் பிந்தையதிலும் எஸ்எஸ்எச் கட்டளை கூடவே இருக்கிறது. அதற்கு பெரிய எல் என்ற ஆப்ஷனோடு 3307:127.0.0.1:3306 என்று கொடுத்து, கடைசியில் சர்வர் லாகினைக் கொடுத்தால், உங்கள் கணினியின் 3307 போர்ட் சர்வரின் 3306-ஆக ஆகிவிடும். அந்த ஜன்னலை மூடாமல் விட்டுவிட்டு, ஒர்க்பெஞ்சில் சாதாரண முறையில் 127.0.0.1, போர்ட் 3307 என்று இணையுங்கள். உங்கள் பக்கத்தில் 3306-ஐ வைக்காமல் ஏன் 3307? உங்கள் கணினியிலும் ஒரு மைஎஸ்கியூஎல் நிறுவியிருந்தால் 3306 அதன் கையில் இருக்கும், டனல் திறக்காது, ஆனால் ஒர்க்பெஞ்ச் உங்கள் கணினியின் காலி டேட்டாபேஸோடு இணைந்துவிட்டு "டேபிள்களைக் காணோம்" என்று உங்களைப் பதறவைக்கும்.

டனல் வழியாகவும் 1045 அல்லது 1130 வந்தால் மறுபடி பிழைச் செய்தியில் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்பதற்குப் பதில் 127.0.0.1 என்று எண்ணாக இருந்தால், உங்கள் சர்வரில் முகவரியைப் பெயராக மாற்றிப் பார்க்கும் வேலையை யாரோ நிறுத்திவைத்திருக்கிறார்கள், ஸ்கிப்-நேம்-ரிசால்வ் என்ற அமைப்பு அது. அப்போது 127.0.0.1 என்ற முகவரியோடு அதே பெயரில் ஒரு கணக்கை உருவாக்கினால் போதும். பழைய கிளையன்ட் ஏதாவது பயன்படுத்தினால் 2059 என்று ஒன்று வரலாம். 2018-இல் வந்த 8.0 பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையை மாற்றிவிட்டது, பழைய நிரல்களுக்கு அது தெரியாது. அதற்கு யூசரைப் பழைய முறைக்கு மாற்றச் சொல்லும் அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, கேட்காதீர்கள். அந்தப் பழைய முறை 8.4-இல் அணைத்த நிலையிலேயே வருகிறது, 9.0-இல் இல்லவே இல்லை. கிளையன்டைப் புதுப்பியுங்கள்.

உங்கள் கையில் சாவி இருப்பதும் அனுமதி இருப்பதும்

டெவலப்பர் லாகினை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்பதாலேயே அந்த சர்வரில் எதை வேண்டுமானாலும் மாற்றும் அதிகாரம் உங்களுக்கு வந்துவிடவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் செய்தீர்கள், சந்தேகமில்லை. ஆனால் ஃபயர்வாலைத் திறந்தது, அமைப்பை மாற்றியது, ரீஸ்டார்ட் செய்தது எல்லாம் கணக்குப் பிரிவின் வேலைக்குள் வராது. நாளைக்கு ஏதாவது ஆனால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: எனக்கு இந்த டேபிள்களைப் படிக்க மட்டும் அனுமதி வேண்டும், இதற்காக இந்த யூசரும் இந்த எஸ்எஸ்எச் லாகினும் இருக்கும் என்று. அவர் "சரி" என்று ஒரு வரி பதில் போட்டாலும் அதைப் பத்திரப்படுத்துங்கள். அதே மின்னஞ்சலில், 3306 எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை திறந்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். இதை எழுதக் கை வராது என்று தெரியும். ஆனால் விற்பனை டேபிளில் வாடிக்கையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. அவை கசிந்தது தெரியவந்தால் அறிவிக்க வேண்டிய கடமை பல நாடுகளின் சட்டங்களில் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் அதற்குப் பொதுவாக 72 மணி நேரம்தான் தருகிறது. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் பொறுப்பாளர், அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

படிக்க மட்டும் என்று சொன்னேன் இல்லையா, அதை டேட்டாபேஸிலும் அப்படியே அமையுங்கள்: அந்த ஒரு டேட்டாபேஸுக்கு செலெக்ட் அனுமதி மட்டும். ஒர்க்பெஞ்சில் ஒரு கட்டத்தைத் தெரியாமல் திருத்தி அப்ளை அழுத்திவிடுவது மிகச் சுலபம். செலெக்ட் மட்டும் இருந்தால் சர்வரே தடுத்துவிடும். இன்னொன்று, போய்விட்ட டெவலப்பரின் எஸ்எஸ்எச் கீ சர்வரில் இன்னும் இருக்கிறதா என்று பொறுப்பாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெப் அப்ளிகேஷனின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றும் எண்ணம் வந்தால் மட்டும் நிதானம். அது அப்ளிகேஷனின் அமைப்புக் கோப்பிலும் எழுதியிருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்றாவிட்டால் விற்பனை நின்றுவிடும்.

இணைந்த பிறகு இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பெரிய கேள்வி ஒன்றை ஓட்டும்போது சரியாக 30 நொடியில் 2013 என்று துண்டித்துக்கொண்டால் அது சர்வரின் கோபம் இல்லை. ஒர்க்பெஞ்ச் காத்திருக்கும் நேரம் அவ்வளவாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது, அமைப்புகளில் எஸ்கியூஎல் எடிட்டர் பக்கத்தில் கூட்டிக்கொள்ளலாம். அடுத்தது கணக்குப் பார்ப்பவருக்கு இதைவிட முக்கியம்: நீங்கள் வேறு எண் சொல்லாதவரை ஒர்க்பெஞ்ச் முதல் 1000 வரிகளை மட்டும்தான் காட்டும். அதை அப்படியே எக்செல்லுக்கு எடுத்தால் மீதி விற்பனை வராது, பிழைச் செய்தியும் வராது. மேலே உள்ள அந்த வரம்புப் பெட்டியில் வரம்பில்லை என்று மாற்றிவிட்டு, எத்தனை வரிகள் என்று டேட்டாபேஸையே எண்ணச் சொல்லி, எக்செல்லில் வந்த எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பிறகு கூட்டல் போடுங்கள்.